டியூ இல்லாத போலோ: பகுதிநேர வருமானத்தில் ஒரு கோவை மாணவரின் கார் கணக்கு

உணவு டெலிவரியிலும் கல்யாண கேட்டரிங்கிலும் கிடைக்கிற காசை வைத்து, இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டுக்குள் நுழைகிற ஒரு மாணவர் 4,25,000 ரூபாய்க்கு ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் வாங்கலாமா? கணக்கு எழுதித் தரும் தொழிலில் இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வந்தது. கேட்டவர் எங்கள் தெருப் பக்கத்துத் தம்பி. அவருடைய அப்பா கணபதி பகுதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். தம்பியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயரும் கல்லூரியும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

"படிக்கற பையனுக்குக் கார் எதுக்கு?" என்று ஒரே வரியில் முடித்து அனுப்பிவிடலாம். பெரியவர்கள் பலரும் அவரிடம் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சாயங்காலம் வகுப்பு முடிந்து இரவு பதினொரு மணி வரை பைக்கில் அலைந்து சேர்த்த பணம் அது. அவர் ஆசைக்கு மரியாதை கொடுத்து ஒரு நேர்மையான கணக்குப் போட்டுக் காட்டுவதே சரி என்று பட்டது.

ஏன் அந்தக் கார்?

கோவைப் பையன்களுக்கு போலோ மேல் இருக்கிற பிரியத்துக்கு ஊர்ச் சரித்திரமும் ஒரு காரணம். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்கிற ரேஸ் டிராக் இருக்கிறது. ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் இந்த ஊர்க்காரர். 2010-ல் போலோ இந்தியாவில் விற்பனைக்கு வந்த அதே ஆண்டு, எல்லாரும் ஒரே மாதிரி போலோ ஓட்டுகிற போலோ கப் பந்தயத்தையும் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் தொடங்கியது. கரி டிராக்கிலும் அதன் சுற்றுகள் நடந்தன. ரேஸ் பார்க்க ஒரு தடவை போய்விட்டு வந்த பையனுக்கு அப்புறம் வேறு ஹேட்ச்பேக் கண்ணில் படாது.

அதிலும் ஜிடி டிஎஸ்ஐ தனி ரகம். 2013-ல் வந்தது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 105 பிஎஸ் திறன், 7 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். போலோவே 2022-ல் இந்தியாவில் நின்றுவிட்டது. இனி புதிதாக வராது என்பதால் பழைய வண்டிகளுக்கு விலை இறங்க மறுக்கிறது. தம்பி பார்த்து வைத்திருந்தது 2014 மாடல், பழைய கார் வாங்கி விற்கிற ஒரு கார் கன்சல்டிங்கில் நின்றது. கதவைச் சாத்தினால் வருகிற அந்தக் கனமான சத்தத்துக்காகவே நாலைந்து முறை போய்ச் சாத்திப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

அவர் கொண்டு வந்த கணக்கு

கையில் சேமிப்பு 1,25,000. அப்பா 1,00,000 தருவதாகச் சொல்லியிருந்தார். மீதி 2,00,000-க்கு ஒரு லோக்கல் ஃபைனான்ஸ். 36 மாதம், 12 சதவீத வட்டி, மாத டியூ 7,556 ரூபாய். பகுதிநேர வருமானம் மாதம் சராசரி 11,000. அதில் தன் கைச்செலவு 3,500. மீதி 7,500-ஐ ஏற்கெனவே மாதா மாதம் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

"ஏனுங்ணா, இப்பச் சேக்கற காசை அப்படியே டியூவாக் கட்டிட்டாப் போச்சு. 56 ரூபாதான் துண்டு விழுது. இதுல என்னங்ணா ரிஸ்க்?"

நோட்டில் கோடு போட்டு, மாதவாரியாக எழுதி, கூட்டல் எல்லாம் சரியாகவே போட்டிருந்தார். இந்த வயதில் இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைத்திருப்பவர்கள் குறைவு. அந்த நோட்டு இருந்ததால்தான் விஷயத்தை ஆழமாகப் பார்க்க முடிந்தது.

சராசரியை விட்டுவிட்டு மாதங்களைப் பார்த்தோம்

முந்தைய ஒரு வருட வருமானத்தைத் தமிழ் மாதப்படி பிரித்து எழுதச் சொன்னேன். கேட்டரிங் வேலை முகூர்த்தத்தை நம்பி இருக்கிறது. காலேஜ் தேர்வோ ஆங்கில மாதத்தில் நடக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பைக் பெட்ரோல், ரிப்பேர் எல்லாம் போக அவர் கையில் நின்றது இது. தை 17,400. மாசி 12,000. பங்குனி 12,500. சித்திரையில் செமஸ்டர் தேர்வு, 5,000. வைகாசியில் லீவும் முகூர்த்தமும் சேர்ந்து வந்ததால் 17,000. ஆனி 13,500. ஆடியில் கல்யாணம் கிடையாது, டெலிவரி மட்டும், 8,000. ஆவணி 15,500. புரட்டாசி 10,400. தீபாவளி வந்த ஐப்பசி 13,500. கார்த்திகையில் மறுபடி தேர்வு, 4,000. மார்கழி 3,200. மொத்தம் 1,32,000. பன்னிரண்டால் வகுத்தால் 11,000 வருகிறது, அவர் சொன்னது பொய்யில்லை.

ஆனால் கார்த்திகையையும் மார்கழியையும் பாருங்கள். தேர்வு டிசம்பர் கடைசி வரை இழுத்தது. மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் மண்டபங்கள் காலியாகக் கிடந்தன. தேர்வு முடிந்த கையோடு பைக்குக்கு கிளட்ச் வேலை வந்து 2,800 ரூபாய் எடுத்துக்கொண்டது, பத்து நாள் வண்டியும் ஓடவில்லை. இரண்டு மாதமும் சேர்த்து வருமானம் 7,200. அந்த இரண்டு மாதத்துக்கு டியூ மட்டும் 15,112. சாப்பாடு, பஸ், ரீசார்ஜ் எதுவும் இல்லாமலே கிட்டத்தட்ட 7,900 பள்ளம்.

கார்த்திகை, மார்கழி வருடா வருடம் வரும். தேர்வும் வருடா வருடம் வரும். இதைத் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவைக்க முடியாது, வருமானத்தின் அமைப்பே அப்படி. மாதச் சம்பளக்காரருக்கு என்று உண்டான டியூ முறையை இந்த மாதிரி ஏறி இறங்குகிற வருமானத்தின் மேல் வைப்பதுதான் சிக்கல். தையில் 17,400 வந்தது என்பதற்காக ஃபைனான்ஸ்காரர் மார்கழி டியூவைத் தைக்குத் தள்ளி வைக்கமாட்டார்.

12 சதவீதம் என்று சொன்னது எவ்வளவு?

லோக்கல் ஃபைனான்ஸில் சொல்கிற 12 சதவீதம் ஃபிளாட் வட்டி. அதாவது மூன்று வருடமும் முழு 2 லட்சத்துக்கே வட்டி. வருடம் 24,000 வீதம் 72,000. அசலோடு சேர்த்து 2,72,000-ஐ 36-ஆல் வகுத்தால் அந்த 7,556 வரும். ஒவ்வொரு டியூவிலும் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி குறைவதில்லை.

வங்கிகள் வீட்டுக் கடனில் செய்வதுபோலக் குறைகிற நிலுவைக்கு மட்டும் 12 சதவீதம் போட்டால் மாதம் 6,643 ரூபாய்தான். மொத்த வட்டி 39,000 சொச்சம். வித்தியாசம் கிட்டத்தட்ட 33,000 ரூபாய். திருப்பிச் சொன்னால், அந்த ஃபிளாட் 12 உண்மையில் வருடம் 21 சதவீதத்துக்குச் சமம். இது போக டாக்குமெண்ட் சார்ஜ் என்று 6,000-ஐ ஆரம்பத்திலேயே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பார்கள்.

வங்கிக்குப் போகலாமே என்றால், யூஸ்டு கார் கடனுக்குப் பெரும்பாலும் 21 வயதும் வருமானச் சான்றும் கேட்பார்கள். தம்பிக்கு 20 கூட நிறையவில்லை. டெலிவரி வருமானம் வாரா வாரம் கணக்கில் விழுகிறது, ஆனால் சம்பளச் சீட்டு கிடையாது. அதனால் அப்பாவின் கையெழுத்து, அவருடைய செக் லீஃப், ஒரிஜினல் ஆர்சி, இன்னொரு சாவி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு கொடுக்கிற இடங்கள்தான் மிச்சம். இரண்டு மூன்று டியூ நின்றால் சீசிங் ஆட்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

இதில் நான் பிடிவாதமாக நின்ற ஓர் இடம் உண்டு. அப்பா கொடுக்கிற ஒரு லட்சத்தை வாங்கிக்கொள், அப்பா போடுகிற கையெழுத்தை மட்டும் வாங்காதே என்றேன். பணம் ஒரு தடவை போவது, எவ்வளவு என்று தெரியும். கையெழுத்து மூன்று வருடம் தொங்கும். லேத் பட்டறைக்காரர் ராடு எடுக்கவும் ஜாப் ஒர்க் பாக்கி வரும் வரை தாக்குப் பிடிக்கவும் வங்கி ஓவர்டிராஃப்டை நம்பி இருக்கிறார். மகனுடைய டியூ தவறி அது அப்பாவின் கடன் வரலாற்றைக் காட்டுகிற சிபில் பதிவில் ஏறினால் அடி விழுவது பட்டறைக்கு.

அந்த அப்பா ஏற்கெனவே கல்விக் கடனிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 4 லட்சம் வரை பிணை இல்லாமல் கிடைக்கிற கடன். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை ஆரம்பிக்கும். கார் கடனின் 36 மாதத்தை மூன்றாம் ஆண்டு தொடக்கத்திலிருந்து எண்ணிப் பார்த்தோம். காரின் கடைசி டியூ முடிகிற சமயம் கல்விக் கடனின் முதல் தவணை வந்து நிற்கிறது. இடையில் மூச்சு விட ஒரு மாதம்கூட இல்லை.

வாங்கிய பிறகு ஆகிற செலவு

நோட்டில் பெட்ரோலுக்கு ஒரு வரி இருந்தது. இன்சூரன்ஸ் வரியில் 7,000 என்று எழுதியிருந்தார். கன்சல்டிங்கில் காட்டிய பழைய பாலிசியைப் பார்த்து எழுதியது. அந்த 7,000-ல் பழைய ஓனர் கிளைம் கேட்காததற்குக் கிடைத்த தள்ளுபடி, அதாவது நோ கிளைம் போனஸ், 50 சதவீதம் கழிந்திருந்தது. அந்த போனஸ் வண்டியோடு வராது, ஓனரோடு போய்விடும். பெயர் மாறினால் தம்பி பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். விசாரித்ததில் ஃபுல் கவருக்கு வருடம் 12,000 சொன்னார்கள். அடுத்தவருக்கு ஆகிற சேதத்தை மட்டும் பார்க்கிற தேர்ட் பார்ட்டி போட்டால் போதாதா என்று கேட்டார். 1000 சிசிக்கு மேல் 1500 சிசிக்குள் இருக்கிற காருக்கு 2022-ல் நிர்ணயித்தபடி 3,416 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ஆனால் நாலே கால் லட்சம் வண்டிக்கு அவினாசி ரோட்டில் ஒரு அடி விழுந்தால் முழுச் செலவும் கையிலிருந்து போகும். வேறு வருமானம் இல்லாத ஒருவருக்கு அது ஆகாது.

மாதம் 400 கிலோமீட்டர், நகரத்தில் லிட்டருக்கு 11, பெட்ரோல் 102 ரூபாய் என்று வைத்தால் 3,700. இன்சூரன்ஸ் மாதத்துக்கு 1,000. வருட சர்வீஸைப் பிரித்தால் 1,200. டயருக்கு ஒதுக்க 500. ஆக 6,400. டியூவோடு சேர்த்தால் கிட்டத்தட்ட 14,000. கையில் மிஞ்சுவது 7,500. 56 ரூபாய் துண்டு என்று ஆரம்பித்த கணக்கு இங்கே வந்து நின்றது.

அப்போது ஒரு யோசனை சொன்னார். ஃப்ரெண்ட்ஸ் சர்க்கிளில் ஊட்டி, வால்பாறை போகிறவர்களுக்கு ஒருநாள் வாடகைக்கு விட்டால் டியூ வந்துவிடுமே என்று. கல்லூரி வட்டாரத்தில் இது சகஜமாக நடக்கிறது. ஒயிட் போர்டு வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி கூடாது. நாமே ஓட்டிச் செல்கிற வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வாடகைக்குப் போனபோது விபத்து என்று தெரிந்தால் இன்சூரன்ஸ்காரர் கிளைமை மறுப்பார். அப்புறம் விபத்தில் காயம்பட்டவருக்கான இழப்பீடு வரைக்கும் தம்பி தலையிலும் அப்பா தலையிலும் வந்து விழலாம். இதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதே என்று சொன்னேன். நண்பர்கள் செய்கிறார்கள் என்றால் அவர்களுக்கும் சொல்.

கியர்பாக்ஸ்

அந்த வண்டியை ஓட்டிப் பார்த்தோம். தெரிந்த மெக்கானிக் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார். குறை ஒன்றும் தெரியவில்லை, நன்றாகவே இருந்தது. ஆனாலும் அவர் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.

ஜிடி டிஎஸ்ஐயில் இருப்பது டிகியூ200 என்கிற 7 கியர் டிஎஸ்ஜி. இரண்டு கிளட்ச், இரண்டும் எண்ணெயில் மூழ்காத உலர் வகை. கியர் மாற்றுவதை மெகட்ரானிக் என்கிற மின்னணு ஹைட்ராலிக் பாகம் பார்த்துக்கொள்கிறது. சீராக ஓடும்போது அருமையான கியர்பாக்ஸ், கியர் மாறுவதே தெரியாது. ஆனால் உலகம் முழுக்கப் பேசப்பட்ட பிரச்சினையும் இதற்கு உண்டு. 2013-ல் சீனாவில் மட்டும் டிஎஸ்ஜி கோளாறுக்காக 3.84 லட்சம் கார்களை நிறுவனம் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு இறுதியில் உலக அளவில் 7 கியர் டிஎஸ்ஜி வண்டிகளின் கியர்பாக்ஸ் எண்ணெயையும் மாற்றிக் கொடுத்தது. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினால் உலர் கிளட்ச் சீக்கிரம் தேயும். காந்திபுரம் சிக்னல்களில் வேறு எப்படி ஓட்ட முடியும்?

மெகட்ரானிக் போனால் செலவு லட்சத்தைத் தாண்டும். எல்லா வண்டியிலும் போகாது, போகாமலே ஓடுகிற வண்டிகள் நிறைய. ஆனால் இந்த இடத்தில் சராசரியைப் பார்க்கக் கூடாது. ஒரே நாளில் வரக்கூடிய மிகப் பெரிய பில் எவ்வளவு, அன்றைக்குக் கையில் எவ்வளவு இருக்கும் என்று பார்க்க வேண்டும். சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கொடுத்த பிறகு தம்பியின் கையில் இருப்பது அந்த வார டெலிவரிக் காசு. கியர்பாக்ஸ் போன வண்டி தெருவில் நிற்கும், டியூ நிற்காது.

இந்தக் கட்டத்தில்தான் தம்பியின் முகம் மாறியது. வட்டிக் கணக்கைச் சொன்னபோது கூட "பார்த்துக்கலாங்ணா" என்றவர், மெக்கானிக் அந்தப் பாகத்தின் விலையைச் சொன்னதும் நோட்டை மூடி வைத்தார்.

காகிதங்கள்

அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனில் பதிவெண்ணைப் போட்டுப் பார்த்ததில் ஹைப்போதிகேஷன், அதாவது வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற பதிவு, இன்னும் நீக்கப்படவில்லை. முந்தைய ஓனர் கடனைக் கட்டி முடித்திருக்கலாம், ஆனால் ஃபைனான்ஸ் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் ஆர்டிஓவுக்குப் போய் அது ஆர்சியிலிருந்து நீங்கினால்தான் வண்டி சுத்தம். இ-சலான் இரண்டு பாக்கி. "பேரு மாத்தறதெல்லாம் மெதுவா மாத்திக்கலாம் தம்பி, டிஓ கையெழுத்து வாங்கித் தர்றேன்" என்றார்கள். டிஓ என்பது பெயர் மாற்றப் படிவம். அந்தப் படிவம் 29, 30-ல் தேதி போடாமல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுகிற பழக்கம் இங்கே இருக்கிறது. சட்டப்படி வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற 14 நாள்தான். அதற்குள் மாற்றாமல் விட்டுத் தன் வண்டிக்கு ஆன சேதத்துக்குக் கிளைம் கேட்டால் கையை விரிப்பார்கள். விற்றவருக்கும் இதில் ஆபத்து உண்டு. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது.

டோக்கன் அட்வான்ஸ் 10,000 கேட்டிருந்தார்கள். நல்ல வேளையாக அதைக் கொடுத்திருக்கவில்லை. அந்த வண்டியை விட்டுவிட்டோம்.

வேறு வழி

விட்டுவிட்டோம் என்றால் ஆசையை விடவில்லை. இந்த வருமானத்துக்குப் பொருந்துகிற கார் எப்படி இருக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டுப் பார்த்தோம். எனக்குத் தோன்றிய பதில் ஒன்றுதான்: மோசமான மாதத்தில் ஷெட்டில் நிறுத்தி வைக்க முடிகிற காராக இருக்க வேண்டும். டியூ இல்லாவிட்டால் மார்கழியில் பெட்ரோல் போடாமல் நிறுத்திவிடலாம். பைக்கில் டெலிவரி ஓடும், தை பிறந்தால் கார் ஓடும். கடன் இருக்கிற காரை நிறுத்தினாலும் மாதம் 7,556 ரூபாய் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பகுதிநேர வருமானக்காரருக்கு விலையைவிட இந்த வசதி முக்கியம் என்று நினைக்கிறேன்.

ஆக, ரொக்கத்துக்கு வாங்குவது. வாங்கிய பிறகு 35,000-க்குக் குறையாமல் கையில் இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் மேனுவல். போலோவேதான் வேண்டும் என்றார், சரி என்றேன். அதே பாடி, அதே கதவு, அதே ஸ்டீயரிங். இன்ஜின் மட்டும் 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் சாதா பெட்ரோல், 75 பிஎஸ். 105-ஐ மனதில் வைத்திருந்தவருக்கு இது சின்ன இறக்கம் இல்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை.

இன்னொரு நிபந்தனையை நான் சேர்த்தேன். 2014 ஜனவரியில், கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கிற குளோபல் என்கேப் அமைப்பு இந்திய போலோவை மோதிப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத வண்டிக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு ஸ்டார்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு ஏர்பேக் வைத்த வண்டிக்கு 4 ஸ்டார். அதன் பிறகு நிறுவனம் எல்லா வேரியண்ட்டிலும் இரண்டு ஏர்பேக்கைக் கட்டாயமாக்கியது. அதனால் 2012, 2013 மாடல் முப்பதாயிரம் குறைவாகக் கிடைத்தாலும் வேண்டாம், 2014 தொடக்கத்துக்குப் பிறகு தயாரானதாகத்தான் இருக்க வேண்டும். டெல்லியிலிருந்து மலிவாக வருகிற வண்டிகளையும் தவிர்த்தோம். அங்கே பெட்ரோல் வண்டிக்கு 15 வருடம், டீசலுக்கு 10 வருடம் என்று கெடு இருந்ததால் விலை குறைவாக இருந்தது. இங்கே கொண்டுவந்தால் என்ஓசி, மறுபதிவு, இந்த மாநிலத்துக்குத் தனியாக வரி என்று அந்த லாபம் கரைந்துவிடும்.

பணம் சேர்க்கிற முறையையும் மாற்றினோம். மாதா மாதம் ஒரே தொகை கட்டுகிற ஆர்டி இவருக்கு ஒத்து வராது, கார்த்திகையில் தவறிவிடும். காசு வருகிற மாதங்களில் சின்னச் சின்ன எஃப்டியாகப் போடச் சொன்னேன். ஆடியிலிருந்து பங்குனி வரை ஒன்பது மாதத்தில் கைச்செலவு போக 65,000 சேர்ந்தது. முந்தைய வருட ஏற்ற இறக்கம் கிட்டத்தட்ட அப்படியே திரும்ப வந்தது. பழைய சேமிப்போடு 1,90,000. அப்பாவின் லட்சத்தோடு 2,90,000.

வண்டி கிடைத்தது சித்திரைத் தேர்வுக்குக் கொஞ்சம் முன்னால். டிஎன் 38 பதிவு, 2014 பிற்பாதி தயாரிப்பு, 85,000 கிலோமீட்டர், இரண்டாவது ஓனராக இருந்த ஒரு பள்ளி ஆசிரியரிடமிருந்து நேரடியாக. சர்வீஸ் பில் எல்லாவற்றையும் ஒரு கவரில் வைத்திருந்தார். 2,35,000 சொல்லி 2,15,000-க்கு முடிந்தது. பெயர் மாற்றத்துக்கு ஏஜென்ட் செலவோடு 6,000. ஃபுல் கவர் 9,500. பெல்ட், ஆயில், கூலண்ட், பேட்டரி, முன் டயர் இரண்டு என்று 21,000. ஆக 2,51,500. மீதி 38,500-ஐத் தனிக் கணக்கில் போட்டு அந்த ஏடிஎம் கார்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அப்பாவின் ஒரு லட்சம் இல்லையென்றால் இது நடந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அப்படி ஒரு லட்சம் கிடைக்காத மாணவருக்கு என் பதில், அந்த வருடம் கார் வேண்டாம் என்பதுதான். சேமிப்பை விடாமல் இன்னும் ஒரு தை, ஒரு வைகாசி பார்த்துவிட்டு வரச் சொல்லியிருப்பேன்.

ஒரு வருடத்துக்குப் பிறகு

மாதம் 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை. பெட்ரோல் 1,600, இன்சூரன்ஸ் 800, சர்வீஸுக்கு 800, டயருக்கு 400 என்று மாதம் 3,600 ஒதுக்குகிறார். டெலிவரிக்குக் காரை எடுப்பதில்லை. முகூர்த்த நாளில் கூட வேலை செய்கிற நாலு பேரை ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போகிறார், பெட்ரோலைப் பகிர்ந்துகொள்கிறார்கள். கிரில்லில் ஜிடி பேட்ஜ் வாங்கி ஒட்டிவிடலாம் என்று நண்பர்கள் சொன்னபோது மறுத்துவிட்டார். "இல்லாததை எதுக்குங்ணா ஒட்டணும், இதுவே நல்லா இருக்குது" என்றார்.

இந்தக் கார்த்திகை, மார்கழியில் சொன்னபடியே வண்டியை நிறுத்திவிட்டார். ஞாயிறு காலை மட்டும் ஸ்டார்ட் செய்து பீளமேடு வரை ஒரு சுற்று, பேட்டரி இறங்காமல் இருக்க. தனிக் கணக்கிலிருந்து அந்த வருடத்தில் எடுத்தது ஒரே முறை, முன் சஸ்பென்ஷன் புஷ், லிங்க் ராடு வேலைக்கு 7,200. அதையும் தை வருமானத்தில் திருப்பிப் போட்டுவிட்டார்.

2029-ல் இந்த வண்டிக்கு 15 வருடம் முடியும். எஃப்சி என்கிற தகுதிச் சோதனைக்கு வண்டியைக் காட்டி ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கே இப்போது 5,000 ரூபாய் கட்டணம், பசுமை வரி தனி. அதற்குள் படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விடுவார். வேலை சென்னை என்றால் பார்க்கிங் பிரச்சினை வேறு. 2028 வாக்கில் விற்றுவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

டர்போ ஆசை போகவில்லை. ஆனால் குறி மாறியிருக்கிறது. 2020-ல் பிஎஸ் 6 என்கிற புகை விதி வந்தபோது போலோவில் 1.0 லிட்டர் டிஎஸ்ஐ இன்ஜின் கொடுத்தார்கள். 110 பிஎஸ், 6 கியர் மேனுவலும் உண்டு. ஆட்டோமேட்டிக்கில்கூட டிஎஸ்ஜிக்குப் பதிலாக டார்க் கன்வெர்ட்டர் என்கிற வேறு வகைக் கியர்பாக்ஸ். பழைய ஜிடியைவிடத் திறன் கூடுதல், அந்தக் கியர்பாக்ஸ் பயமும் இல்லை. கல்விக் கடன் தவணை தொடங்கி ஆறு மாதம் தவறாமல் கட்டிய பிறகு 1.0 டிஎஸ்ஐ மேனுவலுக்குக் கணக்குப் போடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். நோட்டில் அதற்கு ஒரு பக்கத்தை இப்போதே ஒதுக்கிவிட்டார்.